அந்தக் கையெழுத்து என்னுடையது

கண்ணு,

நீ அனுப்பிய கட்டும் கடிதமும் புதன்கிழமை வந்து சேர்ந்தன. அம்மாவின் கட்டுரைகளைப் புத்தகமாகப் போடப் போவதாகவும், அதற்கு நான் இரண்டு பக்கம் முன்னுரை எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். கடிதத்தின் கடைசியில், மறந்துபோனதைச் சேர்க்கிற மாதிரி ஒரு கேள்வி: "பச்சை அட்டை நோட்டில் கடைசிப் பக்கங்கள் மட்டும் வேறு கையெழுத்தில் இருக்கின்றனவே அப்பா, அது யாருடையது?" அது என்னுடையது. இதை எழுத எனக்கு நாலு நாள் ஆயிற்று. பம்புசெட் கடையில் முப்பது வருடம் ரசீது எழுதின கை இது, இதற்குக் கடிதம் எழுத வராது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது உண்மையில்லை. இனிமேல் உண்மையில்லாததை உனக்கு எழுதக் கூடாது என்றுதான் நாலு நாளும் வெறுங்காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. அதுதான் என்னைப் படுக்கவிடவில்லை. பிரசவத்துக்குப் பிறகு கல்லூரி வேலையை விட்டுவிடப் போகிறாய், ஆராய்ச்சியையும் மூட்டை கட்டிவிடப் போகிறாய். "என்னை வளர்ப்பதற்காக அம்மாவே எழுத்தை விட்டாள், நான் என்ன பெரிய ஆள்" என்று எழுதியிருக்கிறாய். உன் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் அதையே போடப் போவதாகச் சொல்லியிருக்கிறாய். போடாதே, கண்ணு. அம்மா உன்னால் எழுத்தை விடவில்லை. என்னால் விட்டாள். அதை உன்மேல் போட்டவனும் நான்தான். எப்படி என்று முதலிலிருந்து சொல்கிறேன், பாதியில் கோபம் வந்து கிழித்துப்போடாமல் கடைசிவரை படி.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து உன் அம்மா கல்யாணமாகி வந்தபோது, பாத்திர பண்டத்தோடு ஒரு தகரப்பெட்டியும் வந்தது. பட்டுச்சேலையாக இருக்கும் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் ஆசையாகத் திறந்தார்கள். உள்ளே பதினோரு நோட்டும், ஒரு கண்ணில் கண்ணாடி விரிசல் விட்ட பழைய பட்டாளத்துப் பைனாகுலரும் இருந்தன. ஊர் சிரித்தது. கோபிப் பக்கம் வாய்க்கால் பாயும் நெல்லும் வாழையும் பார்த்து வளர்ந்தவள், எங்கள் வெள்ளகோவில் பக்கத்து வறட்டுக் காட்டைப் பார்த்து அழுவாள் என்று நான் நினைத்திருந்தேன். அவள் மூன்றாம் நாளே வேலி ஓரமாக நடந்துபோய், திரும்பி வந்து என்னிடம், "ஏனுங்க, இங்க எங்க ஊர்ல இல்லாத குருவியெல்லாம் இருக்குதுங்க" என்றாள். அப்படியொரு சந்தோஷம் முகத்தில். குருவிக்கு இவ்வளவா என்று எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஆறு வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. "புள்ளயில்லாத கொறைக்குக் குருவி எண்ணிக்கிட்டுத் திரியறா" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். அவளுக்காக ஒரு வார்த்தை நான் பேசியதில்லை. தடுக்கவுமில்லை. தடுக்காததையே பெரிய தயவாக அந்தக் காலத்தில் நினைத்திருந்தேன்.

அவள் முதலில் எழுதியது ஆள்காட்டிக் குருவியைப் பற்றி. கூழாங்கல்லுக்கு நடுவில் கூழாங்கல் மாதிரியே முட்டை வைத்திருந்ததை மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்து எழுதினாள். 'காட்டுக்காரி' என்று பேர் போட்டு, சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மாதப் பத்திரிகைக்கு அனுப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். தபாலாபீஸ் நாலு மைலில், நான் தினமும் டவுனுக்குப் போகிறவன். அன்றிலிருந்து அவளுடைய தபாலெல்லாம் என் சட்டைப்பையில்தான் போகும், வரும். இதை ஞாபகம் வைத்துக்கொள். கட்டுரை அச்சில் வந்தது. ஆசிரியர் பாராட்டி எழுதிய கடிதம் "அன்புள்ள ஐயா" என்று ஆரம்பித்தது. காட்டுக்காரி என்று பெண் பேர் போட்டிருந்தும், யாரோ ஆண்தான் வேடிக்கையாக வைத்துக்கொண்ட பேர் என்று அவர் நினைத்துவிட்டார். காட்டில் தனியாகத் திரிந்து பறவையைப் பார்த்துத் தமிழில் எழுதுகிற பெண்ணை அவர்கள் அதற்குமுன் கண்டதில்லை. உன் அம்மா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அரைநாள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஐயா சோறு போடட்டுங்களா?" என்று என்னையே கேலி செய்தாள்.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்ணால் பார்க்காததை எழுதமாட்டாள். ஒருமுறை ஆடு மேய்ப்பவர்கள் சொன்னதை நான் வந்து ஒப்பித்தேன், கானமயில் பாம்பைக் கொத்தி முழுங்குமாம் என்று.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்ல, சொல்றாங்க."

"அப்ப எழுதமாட்டனுங்க."

அவ்வளவுதான், மேலே பேச்சே கிடையாது. இத்தனைக்கும் அது உண்மையாகவே இருந்திருக்கும்.

கானமயில் உனக்குத் தெரியும், படித்தவள். நான் தெரியாதவனுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன், அப்போதுதான் எனக்கு வரிசை தப்பாது. அமராவதியில் அணை கட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நம் மேற்குக் காடு அப்போது உழாத மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேலாமரம். அந்தப் புல்லுக்குள் அது வரும். ஏழு வயதுப் பிள்ளை உயரம், வெள்ளைக் கழுத்து, தலையில் கறுப்புத் தொப்பி. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை, அதையும் வெறுந்தரையில் வைக்கும். மனிதன் நடந்து போனால் அரை மைலில் எழுந்து ஓடிவிடும். ஆனால் மாட்டுவண்டிக்கு அது பயப்படுவதில்லை என்று உன் அம்மா கண்டுபிடித்தாள். வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்துகொண்டு மாட்டை மெதுவாக விட்டால், கல்லெறி தூரத்துக்குப் போகலாம். இரண்டு வருடம் அப்படிப் பார்த்து எழுதினாள். எந்த ஊர், எந்தக் காடு என்று மட்டும் கட்டுரையில் ஒருநாளும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "படிக்கறவங்கள்ல துப்பாக்கிக்காரங்களும் இருப்பாங்கல்லங்க" என்றாள்.

அப்புறம் நீ வயிற்றில் வந்தாய். ஆறு வருடம் கழித்து. கண்ணு, உன்னைச் சுமந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் உன் அம்மா இருந்த இருப்பை நான் எழுதிக் காட்ட முடியாது. கட்டுரை எழுதுகிறபோது வயிற்றைத் தடவிக்கொண்டே எழுதுவாள், எழுதினதை உனக்குப் படித்துக் காட்டுவாள். நீ அவளுக்கு எந்த விதத்திலும் இடைஞ்சல் இல்லை. ஏழாம் மாதம் சீர் முடிந்து பிறந்த வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, வண்டியில் ஏறுமுன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பச்சை நோட்டைக் கையில் கொடுத்தாள்.

"ஏனுங்க, அது முட்டை வெச்சிருக்குதுங்க. அஞ்சு நாளாச்சு. நான் வாரவரைக்கும் மேக்காலக் காட்டுக்கு மாடு ஓட்டிப்போடாதீங்க. தெனம் ஒருக்கா வண்டி கட்டிக்கிட்டுப் போயி, எட்டத்துல நின்னு பாத்துப்போட்டு இதுல எழுதி வெச்சிருங்க. இருக்குதுன்னா இருக்குது, இல்லீன்னா இல்ல. ஒரு வரி போதுமுங்க."

"எனக்கென்ன புள்ள தெரியும் இதுல?"

"கண்ணு இருக்குதல்லங்க, அது போதும்."

பத்தொன்பது நாள் நான் அதை ஒழுங்காகச் செய்தேன். இதை நீ நம்ப வேண்டும். முதல் நாலு நாள் வேண்டாவெறுப்பாகத்தான் போனேன், 'இருக்குது' என்று எழுதி மூடினேன். ஐந்தாம் நாள் அது எழுந்து நின்று, அலகால் முட்டையை மெல்லப் புரட்டிவிட்டுத் திரும்ப உட்கார்ந்ததைப் பார்த்தேன். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் திருப்பிப் படுக்க வைக்கிற மாதிரி இருந்தது. அன்று நோட்டில் இரண்டு வரி எழுதினேன். அதற்கப்புறம் காலையில் எழுந்ததும் அங்கே போகாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதுதான் கண்ணு, என்னை இன்னும் குத்துகிறது. தெரியாதவன் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லாமல் போய்விட்டது. நான் பார்த்தேன், ரசித்தேன், அப்புறம்தான் செய்தேன்.

அந்த நாட்களில் எனக்கு ஒரே வெறி, பம்புசெட் ஏஜென்சி. கிணற்று மேட்டில் மாடு பூட்டிக் கவலை இறைத்து மாடும் மனுசனும் செத்துக்கொண்டிருந்த ஊருக்குக் கரண்டு வரப் போகிறது, கிணற்றுக்குக் கிணறு மோட்டார் இறங்கப் போகிறது, வெள்ளகோவில் வட்டாரத்துக்கு யார் ஏஜெண்டோ அவன் பாடு யோகம். கோயம்புத்தூரில் மோட்டார் செய்கிற ஒரு பவுண்டரி முதலாளியைப் பார்க்க மூன்று தடவை போய் நின்றேன். மூன்றாம் தடவையும் ஒரு மணி நேரம் நிற்கவைத்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன்.

"ஏனுங்க, உங்க பக்கம் கானமயில் இருக்குதுங்களாமா? கிளுவை வேலி, கொழுக்கட்டைப்புல்லுன்னு பத்திரிகையில ஓரம்மா எழுதியிருந்தாங்க. எடத்தத்தான் சொல்லாம உட்டுட்டாங்க."

"எழுதுனது எங்க ஊட்டுக்காரிதானுங்க."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அப்படிங்களா! உக்காருங்க, உக்காருங்க. ஆரப்பா அங்க, காப்பி கொண்டா!" கல்யாணமான ஆறு வருடத்தில் உன் அம்மாவின் எழுத்தை நினைத்து எனக்குப் பெருமை வந்தது அந்த நிமிடம்தான். அந்தப் பெருமையில்தான் விழுந்தேன். "நாயித்துக்கெழம வந்தாக் காட்டுவீங்களா?" என்று கேட்டார். "வாங்க, வாங்க" என்றேன். வீட்டுக்கு வருகிறேன் என்கிறவரை வராதீர்கள் என்று சொல்லும் பழக்கம் நம் பக்கத்தில் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பார்க்கத்தானே வருகிறார் என்றும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்தார், கூட கேமராவோடு ஒரு சிநேகிதர். பின்சீட்டில் துண்டு போட்டு மூடியிருந்தது துப்பாக்கி என்று எனக்குத் தெரிந்தது. "சும்மா கையோட இருக்கட்டும்னுதானுங்க" என்று அவராகவே சொன்னார். அப்போதாவது எதையாவது சொல்லியிருக்கலாம். பறவை போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், அந்த ஒரு பொய்யை யாரும் பாவம் என்றிருக்கமாட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜீப்பை விட்டு அவர் இறங்கி நடக்கப் பார்த்தபோது, "நடந்து போனா ஓடிப்போயிருமுங்க. வண்டி கட்டறன், அதுல உக்காந்துக்குங்க" என்றேன். "ஆருங்க சொன்னாங்க இத?" என்றார். "எங்க ஊட்டுக்காரி எழுதி வெச்சிருக்கறாங்க" என்றேன். என் காளைகளைப் பூட்டி நானே ஓட்டினேன். தினமும் வருகிற வண்டி, தினமும் வருகிற மாடு, அது தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரே வெடி. மாடு மிரண்டதில் மூக்கணாங்கயிறு என் உள்ளங்கையை அறுத்தது. உள்ளங்கையில் இருக்கிற அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று சின்ன வயதில் நீ கேட்பாய், மோட்டார் பெல்ட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

படம் எடுத்தார்கள். இறக்கையை விரித்துப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். சிரிக்கச் சொன்னார்கள். ஜீப்பில் போட்டுக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் முட்டை ஞாபகம் வந்து ஓடினேன். சில்லிட்டுக் கிடந்தது. வேட்டி மடியில் கட்டிக்கொண்டு வந்து, அடை கிடந்த நாட்டுக்கோழிக்கு அடியில் வைத்தேன். எந்த மடையனும் செய்யாததை நான் நம்பிக்கையோடு செய்தேன். கோழியும் பாவம் ஏற்றுக்கொண்டது. அதன் குஞ்சுகள் பொரிந்து வெளியே வந்து ஓடின, அந்த ஒன்று மட்டும் வரவில்லை. நாறத் தொடங்கியதும் வேலி ஓரம் குழி தோண்டிப் புதைத்தேன். அன்று மாலை உட்கார்ந்து நோட்டில் எழுதினேன்: 'குஞ்சு பொரித்தது. தாயும் குஞ்சும் வடக்கே நடந்து போய்விட்டன.' நீ பார்த்த கடைசி வரி அதுதான். அதற்குமுன் இருக்கிற ஆறு 'இருக்குது'களும் பொய்தான். கையெழுத்தைக் கவனித்துப் பார், அந்த ஆறும் ஒரே மூச்சில் எழுதினது தெரியும்.

நீ பிறந்து மூன்றாம் மாதம் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உன்னை என் மடியில் போட்டுவிட்டு அவள் கேட்ட முதல் பொருள் அந்த நோட்டு. கடைசி வரியைப் படித்துவிட்டு அவள் முகம் எப்படி ஆனது! "குஞ்சப் பாத்தீங்களா? உங்க கண்ணால பாத்தீங்களா?" என்றாள். "பாத்தனே" என்றேன். என்ன நிறம், எப்படி நடந்தது, தாய் முன்னால் போச்சா பின்னால் போச்சா, ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் நம் வீட்டுக் கோழிக்குஞ்சைப் பார்த்துச் சொன்னேன். இறக்கைக்குள் புகுந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது என்றேன், தாய் நின்றால் நின்றது என்றேன். அவள் எழுத உட்கார்ந்தாள். 'என் கணவர் பார்த்தார்' என்று ஆரம்பித்திருந்தாள். பவுண்டரிக்காரர் அந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர். "என்னைய எதுக்கு புள்ள இழுக்கற? நீயே பாத்த மாதிரி எழுதிப்போடு, நீ சொல்லித்தான நான் பாத்தன்" என்றேன். தயங்கினாள். அடித்து எழுதினாள். அவளுடைய கட்டுப்பாட்டை அவள் மீறியது அந்த ஒரு தடவை, எனக்காக. தை மாத இதழில் வந்த அந்தக் கட்டுரையைத்தான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று நீ கொண்டாடியிருக்கிறாய். குஞ்சு நடந்த விதத்தைப் படித்து அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். அது நம் வீட்டுக் கோழிக்குஞ்சு, கண்ணு.

ஏஜென்சி கிடைத்தது. பங்குனியில் பவுண்டரிக்காரர் புதுவீடு குடிபோனார், குடும்பத்தோடு வரச் சொன்னார். போனோம். ஹாலில் பெரிதாகச் சட்டம் போட்டு அந்தப் படம் மாட்டியிருந்தது. எனக்கு அது நினைப்பிலேயே இல்லை, நிமிர்ந்து பார்த்தபோது உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றிருந்தாள். உட்கார்ந்து சாப்பிட்டாள், இலையை மடித்தாள், வீட்டுக்கார அம்மாவிடம் வருகிறேன் என்று சொல்லிக் கும்பிட்டாள். பஸ் பல்லடம் தாண்டியபின் கேட்டாள்.

"அந்தப் படம் எப்ப எடுத்ததுங்க?"

"எந்தப் படம்?"

"நம்ம கிளுவை வேலி தெரிஞ்சுதுங்க. வெள்வேலாமரம் தெரிஞ்சுது. நீங்க சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன்.

"அப்ப குஞ்சு?"

"குஞ்சு இல்ல புள்ள."

காங்கேயம் வந்தது. அப்புறம், உன் தலையைத் தடவிக்கொண்டே, "நான் எழுதிப்போட்டனேங்க" என்றாள். என்னைத் திட்டவில்லை. பறவையைக் கொன்றுவிட்டாயே என்றுகூடச் சொல்லவில்லை. அதற்கு நான் என்ன பதில் சொல்வது என்று தயாராக இருந்தேன். இதற்குத் தயாராக இல்லை.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினாள், பத்திரிகைக்கு. எழுதி முடித்து என்னை உட்காரவைத்துப் படித்துக் காட்டினாள். அது எனக்கு இன்னும் மனப்பாடம். "தை இதழில் கானமயில் குஞ்சைப் பற்றி நான் எழுதியவை என் கண்ணால் கண்டவை அல்ல. அந்த முட்டை பொரிக்கவே இல்லை. தாய்ப்பறவை துப்பாக்கியால் சுடப்பட்டது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியது என் தவறு. படித்தவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். இதை அடுத்த இதழில் வெளியிடக் கோருகிறேன்." படித்துவிட்டு நிமிர்ந்து, "கேட்டுக்கிட்டீங்களா? உங்க பேரு எங்கயும் வருல" என்றாள். சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, என்னிடம் கொடுத்தாள்.

தபால்பெட்டிவரை போனேன். எதிர்ச்சாரியில் என் கடையில் ஏஜென்சி போர்டு தொங்கிக்கொண்டிருந்தது, பெயிண்ட் வாசனை போகவில்லை. சுடப்பட்டது என்று அச்சில் வந்தால் முதலாளி படிப்பார், ஊரில் யார் என்று தோண்டுவார்கள். நாளைக்குப் போடலாம் என்று சட்டைப்பையில் திரும்ப வைத்தேன். அந்த நாளை வரவில்லை. கடை மேஜையின் அடி டிராயருக்குள் போனது கடிதம்.

ஒவ்வொரு மாதமும் நான் பத்திரிகை கொண்டுவரும் நாளில் வாசலிலேயே நிற்பாள், கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி வாசகர் கடிதப் பக்கத்தை முதலில் திருப்புவாள். "வருலீங்க" என்பாள். அடுத்த மாதம் வரும் என்பேன். நாலாம் மாதம் நேராகவே கேட்டாள், "போட்டீங்கல்லங்க?" "போடாம?" என்றேன். நடுவில் ஆசிரியருக்கு ஒரு கார்டு எழுதிக் கொடுத்தாள், அதையும் நான் போடவில்லை. அவரிடமிருந்து அடுத்த கட்டுரை எங்கே என்று இரண்டு மூன்று கடிதம் வந்தது. "மொதல்ல அது அச்சுல வரட்டுங்க. அதுக்கப்பறந்தான் எழுதுவன்" என்று வைத்துவிட்டாள். ஒரு வருடம் கழித்து, "அவங்களுக்குக் கதைதான் வேணும் போலங்க, நெசம் வேண்டாம் போல" என்றாள். அந்த நல்ல மனிதரை அவள் கடைசிவரை தப்பாகவே நினைத்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பேனாவை மூடினாள். பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மேற்குக் காட்டில் நிற்பாள். கானமயில் திரும்ப வரவே இல்லை. நான் விற்ற ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு மேய்ச்சல் காடு உழவுக்குப் போனது, நம்முடையதும் போனது. அந்த வருமானத்தில்தான் நீ படித்தாய். படித்து நீ எடுத்ததோ விலங்கியல். உன் அம்மா அன்று சர்க்கரை அள்ளி என் வாயில் போட்டாள்.

இனி நீ அறிந்த இடம். உனக்கு ஒன்பது வயது. பரணில் பழைய பத்திரிகையைக் கண்டெடுத்துச் சாப்பாட்டு வேளையில் தூக்கிக்கொண்டு வந்தாய். "அம்மா, இது நீ எழுதினதாம்! இப்ப ஏன் எழுதறதில்ல?" அவள் என்னைப் பார்த்தாள். அவள் வாயைத் திறக்குமுன் சிரித்துக்கொண்டே சொன்னேன், "நீ பொறந்துட்டயில்ல கண்ணு, அப்பறம் உங்கம்மாளுக்கு ஏது நேரம்?" கரண்டியோடு நின்ற உன் அம்மா கேட்டது ஒன்றுதான்: "ரசம் ஊத்தட்டுங்களா?" என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று விட்டாள். மறுநாள் காலையில் சீப்பை வாங்கிக்கொண்டு, கோணல் வகிடெடுத்து நீயே தலை பின்னிக்கொண்டு நின்றாய். ஏன் சாமி என்று கேட்டதற்கு, "அம்மாவுக்கு எழுத நேரம் இருக்கட்டும்" என்றாய். அதற்கப்புறம் உன் தலையை அவள் தொடவே நீ விட்டதில்லை. அவளுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை, கண்ணு. நான் கோழை.

போன வருடம் ஆஸ்பத்திரியில், நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "ஏனுங்க, அந்தக் கடுதாசி ஒருவேளை வழியில தொலஞ்சுபோயிருக்குமுங்களா?" அவளுக்குத் தெரிந்திருந்ததோ, எனக்கு ஒரு கடைசிச் சந்தர்ப்பம் கொடுத்தாளோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "இருக்கும் புள்ள" என்றேன். இரண்டாம் நாள் போய்விட்டாள்.

வேலையை விடாதே. பிள்ளையைப் பெற்று, உன் அம்மா செய்த மாதிரி தோளிலும் மடியிலும் வைத்துக்கொண்டே உன் வேலையைச் செய். ஒரு பிள்ளையால் எந்தத் தாயின் வேலையும் கெடாது, பக்கத்தில் இருப்பவர்கள் ஒழுங்காக இருந்தால். மாப்பிள்ளை நல்லவர்தான். இருந்தாலும் உன் தபாலை நீயே போய்ப் போடு. நானும் நல்லவன் என்றுதான் ஊரில் பேர்.

தை மாதக் கட்டுரையை எடுத்துவிடாதே, அப்படியே போடு. அடுத்த பக்கத்தில், இதோடு வைத்திருக்கிற அவள் கடிதத்தைப் போடு. உறை அவள் ஒட்டினபடியே இருக்கிறது, நான் பிரிக்கவில்லை. அதற்கும் கீழே சுட்டவரை அங்கே கூட்டிப்போனது யார், நோட்டில் பொய் எழுதியது யார், கடிதத்தை மறைத்தது யார் என்று என் பெயரைப் போடு. அவள் போடவில்லை. நீ போடு. நீ கேட்ட முன்னுரை அதுதான், வேறு எனக்கு எழுதத் தெரியாது.

பிரசவத்துக்கு இங்கே வர உனக்கு மனம் வருமா என்று தெரியவில்லை. வந்தால் வா, வராவிட்டால் அதையும் நான் கேட்கமாட்டேன். நாளைக் காலையில் இந்தக் கவரை எடுத்துக்கொண்டு நானே தபாலாபீசுக்கு நடந்து போகிறேன். பெட்டியில் போடமாட்டேன், உள்ளே போய்ப் பதிவுத் தபாலில் கையில் கொடுப்பேன். கிடைத்ததும் எனக்கு எழுது. திட்டி எழுத வேண்டுமென்றாலும் எழுது. அதற்கு மனமில்லாவிட்டால், வந்தது என்று மட்டும் எழுது, ஒரு வரி போதும். அதுவரை தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றுகொண்டிருப்பேன், உன் அம்மா நின்ற அதே இடத்தில்.

அப்பா